எம்.பி.ஏ. முடித்த ஐந்தாம் ஆண்டில் வேலை நிறைவை அளப்பது எப்படி?

எம்.பி.ஏ. வாங்கி நாலைந்து வருடம் ஓடிவிட்டது. இந்த வேலை நமக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருநாள் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று தோன்றுகிறது. நல்லது. நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவருக்கு அதற்கான வசதியெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. கீழே உள்ளதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் முடித்துவிடலாம், வாருங்கள்.

1. வேலை நடக்கும் இடத்தில் யோசிக்காதீர்கள். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, எக்செல் திறந்திருக்கும்போது யோசித்தால் விடை உடனே தெரிந்துவிடும். லீவு போட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள். மர நிழல், அம்மா கைச் சமையல், சாயங்காலம் மெயின் பஜார் வரை ஒரு நடை. மனசு நிறைந்துவிடும். அந்த நிறைவை வேலைக் கணக்கில் வரவு வையுங்கள்.

2. அளவுகோல் சி.டி.சி.தான். கைக்கு வருவதைச் சொல்லவே வேண்டாம். கம்பெனி கட்டும் பி.எஃப்., இன்சூரன்ஸ், இதுவரை முழுசாக வந்திராத வேரியபிள் பே, கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கூட்டுங்கள். "என்ன தம்பி, இப்ப எவ்ளோ வாங்குற?" என்று எதிர் குவாட்டர்ஸ் ஆன்ட்டி கேட்டால் வருடக் கணக்கைச் சொல்லுங்கள். பெங்களூரு வாடகையைச் சொல்லிவிடாதீர்கள்.

3. ஒப்பிட ஓர் ஆள் பிடியுங்கள். கேட் தேர்வு எழுதி, ஊரின் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யிலேயே டிரெய்னியாகச் சேர்ந்த பள்ளித் தோழன் தோதானவன். அவன் குவாட்டர்ஸைப் பற்றிப் பேசினால் நீங்கள் 'குரோத்' பற்றிப் பேசுங்கள். அவன் பிரமோஷன் என்று வாயெடுத்தால் நீங்கள் சிங்கப்பூர் போய்வந்ததை எடுத்துவிடுங்கள். ஒரே விஷயத்தை இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடக் கூடாது. அடுத்தவன்தான் பிழைத்துக்கொண்டான் என்று இரண்டு வீட்டிலும் ராத்திரி ஆளுக்கொரு பக்கம் புரண்டு படுக்கலாம்.

4. மேலாண்மைப் பாடத்து ஹெர்ஸ்பெர்கை மறந்துவிடுங்கள். இதற்குக் கொஞ்சம் முயற்சி வேண்டும், தேர்வில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறீர்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்துவிட்டு 1959-ல் அவர் சொன்னது இது: சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதிகள், வசதிகள் ஆகியவை சரியில்லை என்றால் எரிச்சல் வரும், சரியாக இருந்தால் எரிச்சல் போகும், அதற்குமேல் ஒன்றுமில்லை. நிறைவு என்பது செய்து முடித்த காரியம், கிடைத்த பெயர், சுமந்த பொறுப்பு, வேலையின் ருசி இவற்றிலிருந்து வருவது.

நீங்கள் வளர்ந்ததோ அந்த முதல் பட்டியலை ஊராகவே கட்டிவைத்த இடத்தில். 1956-ல் தொடங்கிய நிறுவனம் குவாட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டுத் திடல் என்று ஒன்று விடாமல் கொடுத்தது. எரிச்சல் இல்லாததையே நிறைவு என்று எண்ணும் பயிற்சி உங்களுக்கு எல்.கே.ஜி.யிலேயே கிடைத்துவிட்டது. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. அப்பாவிடம் டி.ஏ., பி.எஃப்., ரிட்டயர் ஆனதும் குவாட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டிய தேதி, இவற்றை மட்டும் கேளுங்கள். மைன்ஸில் என்ன வேலை பார்த்தார் என்று தப்பித்தவறிக்கூடக் கேட்காதீர்கள். கேட்டால் தொலைந்தீர்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்பதையும், ராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும் என்பதையும், நைட் ஷிப்டில் பம்ப் மக்கர் பண்ணியபோது யார் யார் ஓடினார்கள் என்பதையும் தட்டில் சோறு காயும்வரை சொல்லுவார். பக்கெட் வீல் மண்ணை அள்ளுவதைக் கையாலேயே செய்துகாட்டுவார். நம் வேலையைப் பற்றி இப்படி ஐந்து நிமிடம் பேச நம்மால் முடியுமா என்றொரு நினைப்பு வரும். வந்த கணமே போனை எடுத்துப் பாருங்கள்.

6. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிரந்தர வேலை கேட்டுப் போராடும் குடும்பங்கள் சுற்றுக் கிராமங்களில் இருக்கின்றன. அவர்கள் காதுபட 'ஜாப் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' என்று சொல்லிவிடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நிஜமாகவே சொல்கிறேன்.

7. படித்த இடத்தில் ஐந்தாம் ஆண்டுச் சந்திப்பு வைத்தால் கட்டாயம் போங்கள். அதற்குப் பிறகு எந்தச் சந்திப்புக்கும் போகாதீர்கள். கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1979-ல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தவர். ஐந்தாம் ஆண்டில் அவருடைய செட்டு பளபளவென்று வந்து நின்றதாம். பத்தாம் ஆண்டிலிருந்து விவாகரத்து, வேலையில் சலிப்பு என்று கதை மாறியிருக்கிறது. அந்த செட்டில் ஒருவர் என்ரான் கம்பெனி மோசடியில் சிக்கிய ஜெஃப்ரி ஸ்கில்லிங். 2006-ல் சிறைக்குப் போனார். பளபளப்பு இருக்கும்போதே வாட்ஸ்அப் குரூப்பைவிட்டு வெளியேறுவது உத்தமம்.

8. இத்தனைக்கும் பிறகு 'பிடிக்கவில்லை' என்று உள்ளே ஏதாவது முனகினால் கம்பெனியை மாற்றுங்கள். அதே வேலை, அதே எக்செல், சம்பளம் மட்டும் கொஞ்சம் கூட. சட்டப்படி, உங்களைப் போன்ற நிரந்தர ஊழியர் ஒரே இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் ராஜினாமா செய்யும்போது கிராஜுவிட்டி கைக்கு வரும். ஆகவே நாலு வருடம் முடிந்த மறுநாளே கடிதத்தை நீட்டிவிடுங்கள். கவலை வேண்டாம், புதுக் கம்பெனி தரும் சி.டி.சி. தாளிலும் கிராஜுவிட்டி என்று ஒரு வரி இருக்கும்.