கொசு இதயம் ஏழு தட்டு

இணையத்தில் மாயாஜாலத் தொடர் எழுதக் கிளம்பும் ஜொகூர்த் தம்பிகளுக்கு ‘வெண்முரசு’ நாவல் தொடரைக் காட்டி உற்சாகமூட்டுகிறார்கள். 2014 முதல் 2020 வரை, நாள்தோறும், 26 நாவல்கள். எவரெஸ்ட்டைக் காட்டி நடைப்பயிற்சிக்கு அழைக்கிற மாதிரி.

பக்கத்திலேயே, தங்காக்கில், கதையுள்ள மலை ஒன்று நிற்கிறது: குனோங் லேடாங். தன்னை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தான் மஹ்மூதிடம் அந்த மலையின் இளவரசி கேட்டவை: தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம், கடைசியாக மகனின் ரத்தம். அங்கேதான் சுல்தான் பின்வாங்கினார்.

வாசகரும் அந்த இளவரசி மாதிரிதான்: தினம் ஓர் அத்தியாயம், நாயகி சாகக்கூடாது, போர் சீக்கிரம் வரணும். கொசு இதயம்வரை கொடுக்கலாம், தம்பி. தூக்கத்தைக் கேட்டால் ‘தொடரும்’ போட்டுவிடுங்கள்.

அதுசரி, இளவரசி இங்கேயே இருக்க, ஜொகூர் பாரு அடுக்குமாடியில் உட்கார்ந்து சோழ இளவரசனையே எத்தனை முறைதான் கடாரத்துக்குக் கப்பலேற்றுவீர்கள்?