கோடு போடு, ராக்கெட் விடு!

பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்: ராக்கெட் கணக்கு என்றாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?

எஞ்சின் அணைகிற இடத்தில் ஒரு கோடு போடம்மா. அங்கே முடுக்கம் மாறுகிறது. இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் திணித்தால் மார்க் கோட்டைத் தாண்டாது.

டியூஷன் பையன், தேனி: ஒரு சாம்பிள் விடுங்களேன்!

தரையிலிருந்து 20 மீ/வி² முடுக்கம், 10 வினாடி. வேகம் 200 மீ/வி, உயரம் 1,000 மீட்டர். எரிபொருள் காலி. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றால், வேகம் வற்ற இன்னும் 20 வினாடி. அதற்குள் மேலும் 2,000 மீட்டர். உச்சி 3,000. உழைத்து ஏறியது ஒரு பங்கு, ஓசியில் ஏறியது இரண்டு பங்கு!

அதே பையன்: அந்த 20இல் ஈர்ப்புக்காக 10ஐக் கழிக்க வேண்டாமா?

கொடுத்திருப்பது முடுக்கம்; ஈர்ப்பு போக மிஞ்சியதுதான் அது. உந்துவிசையைக் கொடுத்தால் கழி. மற்றபடி கழிக்கிற வேலையை வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

ஒரு வாசகர், கரூர்: எஞ்சின் அணைந்ததும் வேகம் பூஜ்யம் என்று என் மகன் எழுதினான். சுழித்துவிட்டார்கள்.

சரியாகத்தான் சுழித்திருக்கிறார்கள். முதல் கட்டத்தின் இறுதி வேகமே இரண்டாம் கட்டத்தின் தொடக்க வேகம். பதவி போன அன்றைக்கே பந்தாவும் போய்விடுகிறதா என்ன?

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: உச்சியில் முடுக்கமும் பூஜ்யம்தானே?

அப்படியானால் ராக்கெட் திரிசங்குவாகத் தொங்க வேண்டியதுதான்! வேகம் பூஜ்யம், முடுக்கம் அப்போதும் 10, கீழ்நோக்கி.

இல்லத்தரசி, சேலம்: சமன்பாடே இல்லாமல் வழி உண்டா?

வேக-நேர வரைபடம். 10ஆம் வினாடியில் 200க்கு ஏறி, 30ஆம் வினாடியில் பூஜ்யத்துக்கு இறங்கும் முக்கோணம். பரப்பு: ½ × 30 × 200 = 3,000. ஸ்கேலும் பென்சிலும் போதும்.

பொறியாளர், ஓசூர்: நிஜ ராக்கெட்டுக்கு இதெல்லாம் செல்லுமா?

செல்லாது. எரிய எரிய எடை குறையும், முடுக்கம் மாறிக்கொண்டே போகும். அதற்கான சமன்பாட்டை 1903இல் வெளியிட்டவர் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி. தொழில்? பள்ளிக்கூட வாத்தியார். இனி வகுப்பில் தூங்குவதற்கு முன் யோசியுங்கள்.

ஓய்வுபெற்றவர், திருநெல்வேலி: இந்தியா முதலில் விட்ட ராக்கெட் எத்தனை அடுக்கு?

1963 நவம்பர் 21, தும்பா. நைக்-அப்பாச்சி, அமெரிக்கச் சரக்கு, இரண்டு அடுக்கு. பாகங்களைப் பூட்டியது ஒரு மாதா கோயில் கட்டடத்தில். மேலே போவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

புது மாப்பிள்ளை, மதுரை: எதற்கு இரண்டு அடுக்கு? ஒன்று போதாதா?

காலி டாங்கைச் சுமந்துகொண்டு ரொம்ப மேலே போக முடியாது, கழற்றிவிட்டால்தான் ஏற்றம். ராக்கெட்டுக்கு மட்டும் சொன்னேன் மாப்பிள்ளை!