அளவுப்பலகையோட வந்த பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி! மீன்வளக் கல்லூரியில படிக்கிற ஆளு, அளவுப்பலகையும் லேப்டாப்புமா தூத்துக்குடித் துறையில வந்து இறங்கியாச்சு. எந்தக் கண்ணியில எந்த நீளத்து மீன் நிக்கும்னு கணக்குப் போடப் போறியாம்ல? போடு, போடு. நாங்கல்லாம் இம்புட்டு வருசமா கண்ணைக் கட்டிக்கிட்டா வலை விட்டோம்?

சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்பாக. கடல்ல அது செல்லாது ராசா. சட்டி நெறைய இருந்தாலும் அகப்பை ஓட்டைன்னா வராது. மடியில பெருசாவே விழுந்தா, கடல்ல பொடிசே இல்லைன்னு எழுதிருவியா? நழுவிப் போனவன் வந்து உன் நோட்டுல கையெழுத்தா போடுவான்?

அதனாலதான் இழுவை மடியோட கடைசிப் பைக்கு மேல பொடிக்கண்ணிப் பை ஒண்ணை மாட்டுதாக. உள்ள நின்னது, வெளிப்பையில விழுந்தது ரெண்டையும் நீளவாரியா எண்ணுனா, பாதி நின்னு பாதி தப்புற நீளம் பிடிபட்டுரும். நல்ல யோசனைதான். ஆனா வெளிப்பை உள்பையோட ஒட்டிக்கிச்சுன்னா கண்ணியை அடைச்சுரும். தப்ப வேண்டியதும் தப்பாது. நடுவுல இடைவெளி நிக்க வளையம் கட்டணும். அது உன் லேப்டாப்புக்குத் தெரியாது.

செவுள்வலைக்கு அப்படிப் பை மாட்ட முடியாது. பல கண்ணி வலையைப் பக்கத்துல பக்கத்துல விட்டு ஒப்பிடணும். மீன் பெருத்தாலும் உருவம் மாறாது, நீளத்துக்கும் கண்ணிக்கும் உள்ள விகிதம்தான் கணக்குன்னு பாரனோவ்ங்கிற ரஷ்யாக்காரர் சொல்லிட்டுப் போனார். 1963ல ஹோல்ட், ரெண்டு வலையில விழுந்ததை வகுத்து, மடக்கை எடுத்து, நேர்கோடு போட்டார். 1992ல மில்லர் வந்தார் பாரு, அவர்தான் கில்லாடி. ஒவ்வொரு நீளத்துலயும் மொத்தம் விழுந்ததுல எந்த வலைக்கு எத்தனை பங்குன்னு மட்டும் பார்த்தார். கடல்ல எத்தனை மீன் கிடந்துச்சுங்கிற கேள்வியே கணக்குல அடிபட்டுப் போச்சு! தெனமும் பங்கு பிரிச்சுச் சண்டை போடுற நம்ம ஆட்களுக்கு இந்தப் புத்தி வரலையே.

அதுக்காக செவுள்வலைக் கணக்குல வர்ற மணி வடிவக் கோட்டைப் பார்த்து மயங்கிராத. கெளிறு செவுள்லயா மாட்டுது? முள்ளு சிக்கித் தொங்குது. சிக்குனதையும் செவுள்ல மாட்டுனதையும் ஒரே கட்டத்துல எழுதுனா கோடு கோணத்தான் செய்யும்.

இன்னொண்ணு. ஒரே இழுவையில ஆயிரம் சங்காயப் பொடிமீனை அளந்துட்டு, ஆயிரம் சாட்சி இருக்குன்னு மார்தட்டாத. அம்புட்டும் ஒரே சாட்சிதான். நீரோட்டம் மாறும், மடியோட பாரம் மாறும், அடுத்த இழுவை வேற கதை சொல்லும். இழுவைக்கு இழுவை வர்ற அந்த மாறுபாட்டையும் கணக்குல சேர்க்க 1991லயே பிரையர் வழி சொல்லிட்டார். அவசரத்துல எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கூட்டுனா, பிழை எல்லை ரொம்பக் குறுகித் தெரியும். பரீட்சைக்காரர் கைதட்டுவார், கடல் சிரிக்கும்.

மடியோட கடைசிப் பைக்கு 40 மில்லிமீட்டர் கண்ணின்னு சட்டம் இருக்கு. சாய்சதுரக் கண்ணி இழுக்க இழுக்க ஒடுங்கிரும்; சதுரக் கண்ணிதான் தொறந்து நிக்கும். கரையில அளந்த 40ஐ மட்டும் நம்பிக் கோடு போடாத.

நாளைக்கு விடியக்காலம் படகுக்கு வரும்போது லேப்டாப்பை வீட்டுல வச்சுட்டு, வளையம் ரெண்டு, கண்ணி அளக்குற தகடு ஒண்ணு கொண்டா. வாந்திக்கு எலுமிச்சம்பழம் நான் எடுத்துட்டு வாரேன்.