புது ரேசரைக் கைவிடும் காலம்: ஆரணி வட்டாரத்தை முன்வைத்து

புதிதாக வாங்கிய ஸ்டீல் ரேசரை ஒருவர் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எந்த நாளில் ‘இது நமக்கு ஆகாது’ என்று ஜன்னல் விளிம்பில் ஏற்றிவிட்டுப் பழைய பிளாஸ்டிக்கைக் கையில் எடுக்கலாம் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வின் எல்லை ஆரணி நகரம். ஆரணி ரோடு ரயில் நிலையம் இதில் சேராது. அது களம்பூரில் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே இறங்கி, பிறகு பஸ் பிடித்து ஊருக்குள் வந்தவர்களின் முகம் ஏற்கெனவே வாடியிருக்கும் என்பதால் தரவாகக் கொள்ளப்படவில்லை.

கருதுகோள்: ரேசர் சரியில்லை. ஆய்வின் முடிவில் இது பொய்த்துப்போகும். முனைவர் பட்ட ஆய்வேடாக இருந்தால் பொய்க்க விடமாட்டார்கள். கருதுகோள் எதுவோ அதுவே முடிவாக வரும்படி நடுவிலுள்ள இருநூறு பக்கங்களையும் வளைத்துக் கொடுப்பது மரபு. இது பத்திரிகைக் கட்டுரை. பக்கமும் குறைவு, வளைக்க ஆளும் இல்லை.

ஆரணியை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள். ஆய்வாளரின் வீடு அங்கே இருக்கிறது. தமிழாய்வில் களத்தேர்வுக்கு இதைவிட வலுவான காரணம் இன்றுவரை யாரும் காட்டியதில்லை. நெறியாளருக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பட்டு நெய்கிற ஊர் இது. மயிரிழை தடிமனுள்ள இழைகளோடு காலையிலிருந்து பொழுது சாயும்வரை மல்லுக்கட்டுகிறவர்கள், ஒரு மயிரை மழிப்பதில் மட்டும் மூன்றாம் நாளே பொறுமை இழப்பது ஏன்? இந்தக் கேள்வியை இதற்குமுன் யாரும் எழுப்பவில்லை. எழுப்பாததற்குக் காரணம் இருக்கலாம்.

முந்தைய ஆய்வுகள். பாரிஸ் நகரத்துக் கத்தி வினைஞர் ழான்-ழாக் பெரே 1762இல் சவரக் கத்திக்கு மரக்காப்பு ஒன்று மாட்டினார். தோல் ஆழமாக வெட்டுப்படாது. 1769இல், தனக்குத்தானே மழித்துக்கொள்ளக் கற்கும் கலை பற்றி ஒரு நூலே எழுதினார். முதலில் கருவி, பிறகு நூல். இப்போதைய வழக்கம் முதலில் நூல், பிறகு பதவி உயர்வு. கருவி வந்து சேர்வதில்லை.

அடுத்து கிங் கேம்ப் ஜில்லெட். தேய்ந்தால் தூக்கியெறியும் மெல்லிய பிளேடு அவருடைய யோசனை. அதை எஃகில் சாதித்துக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன். 1903இல் விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. மறு ஆண்டு நவம்பர் 15இல் காப்புரிமை கிடைத்தது. அந்த 51இல் எத்தனை ஜன்னல் விளிம்பு ஏறின என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் 168ஐ 51ஆல் வகுத்தால் ஆளுக்கு மூன்றேகால் பிளேடு சொச்சம் வருகிறது. மனிதப் பொறுமையின் எல்லை அந்தக் கால் பிளேடில்தான் இருக்கிறது என்பது ஒரு தரப்பு (திண்ணை வாய்மொழி, காபிக்கு முன்). சொச்சத்தில் இருக்கிறது என்பது மறுதரப்பு (மேற்படி, காபிக்குப் பின்). முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு 35 லட்சம் ரேசரும் 3 கோடியே 20 லட்சம் பிளேடும் போயின. சிப்பாய்க்கு ரேசரைக் கைவிடும் உரிமை கிடையாது. ஆகவே பழகிக்கொண்டான்; ஊர் திரும்பியும் அதையே வாங்கினான். இந்தச் சான்று பிறகு தேவைப்படும்.

தமிழ்ச் சான்று இல்லாமல் தமிழாய்வு இல்லை. கூடாவொழுக்கம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மழிப்பதையும் வளர்ப்பதையும் ஒரே வரியில் வைத்து இரண்டும் வேண்டாம் என்று தள்ளுகிறார். போலித் துறவைப் பற்றிய குறள் அது என்றே உரைகள் சொல்லும். புது ரேசரை இரண்டு நாள் ஆண்டு பார்த்தவர் மனம் வெறுத்து எழுதியது என்று கொண்டால் பொருள் இன்னும் தெளிவாகிறது. வள்ளுவருக்கு நாம் தீட்டிய படங்களிலெல்லாம் தாடி இருப்பது இதற்குத் துணைச் சான்று.

வரலாற்றுச் சான்று: 1751 டிசம்பரில் கிளைவும் 1782 ஜூனில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் ஆரணியில் பொருதனர். யார் எப்போது மழித்தார் என்ற குறிப்பு இல்லை. இவ்வியல் இத்துடன் முற்றும்.

தண்ணீர் பற்றிய இயல்: வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நலம்.

இனிக் களம். ஆய்வுக்கு உட்பட்டவர் நெசவாளர் வீட்டு மாப்பிள்ளை. தலை தீபாவளிக்கு மாமனார் வாங்கிக்கொடுத்த வேட்டி சட்டையோடு ஒரு ஸ்டீல் ரேசரும் இருந்தது. கனமான பிடி, மூன்று துண்டாகக் கழலும், தலையில் சீப்புப் பல்போல் வரிசை. அதுவரை அவர் ஆண்டது, கழுத்து வளைகிற கார்ட்ரிட்ஜ் வகை. அதை எப்படிப் பிடித்தாலும் முகத்தின் வளைவுக்குத் தானே குனிந்து கொடுக்கும். பழைய கைப்பழக்கத்தோடு மாப்பிள்ளை ஸ்டீலை எடுத்து அழுத்தி இழுத்தார். அன்று காலை தாழ்வார ஆணியில் தொங்கிய கண்ணாடியில் நுரை பாதி, சிவப்பு பாதி.

இங்கேதான் இவ்வாய்வின் தலையாய பங்களிப்பு தொடங்குகிறது: வெட்டுக்காயங்களின் வடிவியல். துறைக்கு முற்றிலும் புதிது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

முதல் வகை புட்டா. தாடை முனையில் தனித்தனிப் பொட்டாக விழும். பிளேடைத் தோலுக்கு மிகவும் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்ததன் விளைவு. புட்டாக்களின் இடைவெளி சீராக இருந்தால் பிடித்தவர் நிதானஸ்தர். தாறுமாறாக இருந்தால் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. இரண்டாம் வகை கோர்வை. பட்டுச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் வந்து கோத்துக்கொள்ளும் இடம் கோர்வை. முகத்தில் மீசையும் உதடும், கிருதாவும் கன்னமும் சேரும் எல்லைகளில் இது நிகழும். ஒற்றைக் கோடு, நேர்த்தியானது, நெடுநேரம் எரியும். மூன்றாவது முந்தி: காதுக்குக் காது கழுத்து முழுவதும் சிவந்த வேலைப்பாடு. மயிர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று பாராமல், வளர்ச்சிக்கு எதிராக எடுத்த எடுப்பிலேயே இழுப்பவர்களுக்கு வாய்க்கும். முந்தி உள்ளவர்கள் அன்று முழுக்கக் கழுத்தில் துண்டு போட்டிருப்பார்கள். கட்சிக்காரர் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

மூக்கடிக் காயம் புட்டாவா கோர்வையா என்பதில் கடும் கருத்து வேறுபாடு உண்டு. புட்டாவே என்பர் வடக்குத் திண்ணையார் (ஈரமான சுவடி, பேசின் ஓரம், மேலிருந்து மூன்றாம் வரி, நுரைபட்டு அழிந்த பகுதி). கோர்வையே என்பர் தெற்குத் திண்ணையார் (சலூன் பெஞ்சுப் பிரதி, தினத்தந்திக்கு அடியில் கண்டெடுத்தது, ஓரம் கத்தரிக்கப்பட்டது, கத்தரித்தவர் பெயர் தெரிந்தும் வெளியிடப்படவில்லை). மூன்றாவது உரையொன்று உண்டு. அது மைத்துனர் உரை. மூலத்தைக் கண்ணால் பாராமலே எழுதப்பட்டது என்பதால் பல்கலைக்கழகங்களில் இதற்கே மதிப்பு அதிகம். அவ்வுரையின் இரண்டாம் பதிப்பில் முதல் பதிப்பின் பிழைகள் அனைத்தும் பெரிய எழுத்தில் அச்சாகியுள்ளன (மைத்துனர் உரை, பதிப்புரைக்கு எழுதிய முன்னுரை; அம்முன்னுரைக்கு அவரே எழுதிய அணிந்துரையையும் காண்க).

இன்னொரு சிக்கல், கைத்தறிக் காயமும் விசைத்தறிக் காயமும். ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் கீறினால் ஐந்து கோடும் அச்சுப் பிசகாமல் இணைகோடாக நிற்கும், இது விசைத்தறி. ஸ்டீல் ரேசரின் ஒற்றைக் கீறல் ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி விழும். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. பட்டுச் சேலை உள்ளிட்ட சிலவற்றைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் முகத்துக்கும் பொருந்துமா என்பதைச் சட்ட வல்லுநர்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். சில நாள் கழித்து ஒரு காலை, குழித்தறியில் கால் தொங்க உட்கார்ந்திருந்த மாமனார் நாடாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா மாப்ளே, இன்னிக்கிப் புட்டா கொறஞ்சிருக்குது?”

“பிளேடு மாத்தினேன் மாமா.”

“பிளேட மாத்துனீங்க, சரி. கைய எப்ப மாத்துவீங்க?”

இதுவரை நடந்த எல்லாக் கருத்தரங்குகளின் மலர்களையும் புரட்டினாலும் இப்படி ஒரு வரி அகப்படாது. ஸ்டீல் ரேசரின் நுட்பம் மொத்தமும் இதில் அடக்கம். அதன் தலை வளையாது. ஆகவே கைதான் வளைய வேண்டும். தோலுக்கும் பிளேடுக்கும் ஏறத்தாழ முப்பது பாகைக் கோணம். அழுத்தவே கூடாது, பிடியின் கனமே வேலை செய்யும். கழுத்தில் மயிர் ஓரிடத்தில் கீழ்நோக்கியும் பக்கத்திலேயே குறுக்காகவும் வளரும். விரலால் தடவி அதன் போக்கைத் தெரிந்துகொள்ளவே நாள் பிடிக்கும். ஒரே ரேசரில் டோபாஸ் போட்டால் ஒரு குணம், செவன் ஓ கிளாக் போட்டால் வேறு குணம். ஒருவர் முகத்துக்கு ஒத்தது அடுத்தவருக்கு ஒத்துவராது. சோப்பையும் பிளேடையும் ரேசரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எரிச்சலுக்கு எது காரணம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அறிவியல் ஆய்வின் பாலபாடம் இது. அறிவியலாரிடமும் அரிதாகவே காணப்படுகிறது.

கால எல்லை குறித்து மூன்று மரபுகள் உள்ளன. மூன்று நாள் மரபினர் பொறுமையற்றோர். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாக்கெட் மரபினர், வாங்கிய பாக்கெட்டிலுள்ள பிளேடுகள் தீரும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பர். பொதுவாக ஒரு பிளேடு நாலைந்து சவரம் தாங்கும் என்பதால் இவர்களுக்குச் சில வாரம் கிடைக்கிறது. கை பழகவும் அது போதும். மூன்றாவது பாவு மரபு. இது ஆரணிக்கே உரியது. பழைய பாவின் முனைகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள், ஆயிரக்கணக்கான இழை. பிணைத்து முடித்து நெய்யத் தொடங்கினால் முதல் சில முழம் தறி சொன்னபடி கேட்காது. ஓர் இழை தொய்யும், ஒன்று அறும், கரை இழுக்கும். அதற்காகத் தறியை யாரும் காயலான் கடையில் போடுவதில்லை. தொய்ந்ததை இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, மேலே நெய்வார்கள். ஒரு பாவில் மூன்று சேலை வரும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பாவு அறுக்கும் நாளில் ரேசரைப் பற்றிய முடிவையும் எடுக்கலாம் என்பது இம்மரபின் கொள்கை.

ரேசர் செய்கிறவர்களே பொறுக்காமல் அவசரப்பட்ட கதையும் உண்டு. இந்தியர்களுக்கென்று ஒரு ரேசரைக் கொண்டுவரும்முன் ஜில்லெட் நிறுவனம் அதை இந்தியர்களிடம் சோதித்தது, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம். அவர்கள் குழாயைத் திறந்துவிட்டு மழித்தார்கள், பிரமாதம் என்றார்கள். இங்கே வந்தால், பலருக்கும் முன்னால் இருந்தது ஒரு டம்ளர் தண்ணீர். பிளேடுக்குள் சிக்கிய மயிர் அலசியும் போகவில்லை. பிறகுதான் பொறியாளர்கள் நேரில் வந்து, மங்கிய வெளிச்சத்தில் தரையில் குந்தி, கையகலக் கண்ணாடியைப் பார்த்து மழிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2010இல் 15 ரூபாய் ரேசர் வந்தது. பிளேடு ஒன்றே ஒன்று. இரண்டு, மூன்று, ஐந்து என்று ஏறிப்போன எண்ணிக்கை ஒரு டம்ளர் தண்ணீருக்கு முன்னால் ஒன்றுக்கு இறங்கிவந்தது. களத்துக்குப் போகாமலே கள ஆய்வு செய்யும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளுக்கு மட்டும் உரியது என்று இனி யாரும் குறைசொல்ல வேண்டாம்.

இவ்வாய்வு கண்ட முடிவு: ரேசரைக் கைவிடும் காலத்தை எஃகு தீர்மானிப்பதில்லை, யார் வாங்கிக்கொடுத்தார் என்பதே தீர்மானிக்கிறது. சொந்தக் காசில் வாங்கியவர் மூன்றாம் நாளே ஜன்னலில் ஏற்றிவிடுவார். கேட்பதற்கு ஆள் இல்லை. சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுத்தது, மாப்பிள்ளைக்கு மாமனார் கொடுத்தது. இருவராலும் தூக்கிப்போட முடியவில்லை. மாமனார் தினமும் தறியிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். ஆகவே கை பழகுகிறது. பழகிய பிறகு மாப்பிள்ளை அதைத் தன் கண்டுபிடிப்பாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சகலையிடமிருந்து பழைய கார்ட்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அவருக்கும் ஒரு ஸ்டீல் வாங்கிக்கொடுத்திருப்பதாகக் கேள்வி (சகலையின் முகம், இடது தாடை, புட்டா வரிசை, நேரில் கண்டது).

மேலாய்வுக்குரிய களங்கள் பல: இடக்கைக்காரர்கள், கன்னக்குழி, ரேசரை எடுத்துப் பென்சில் சீவும் பிள்ளைகள். நெறியாளர் இந்த ஏட்டைப் படித்துவிட்டு, பொருள் நன்று, ஆனால் தாடி பற்றிய இயல் விடுபட்டுள்ளது என்று குறித்து அனுப்பியிருக்கிறார். அவர் குறுந்தாடி வைத்திருப்பவர். விடுபட்ட இயலின் தலைப்பையும் அவரே கொடுத்திருக்கிறார். அது இந்தக் கட்டுரையைவிட நீளம்.