ஏறி, இறங்கி, மறுபடி ஏறி

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோரும், அவர்களுக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளும் இந்த வாரம் கேள்வி கேட்கிறார்கள். சில கடிதங்களைப் பார்த்தால் இரு தரப்பும் ஒரே வீட்டிலிருந்து எழுதியிருக்கிறார்களோ என்று சந்தேகம் வருகிறது.

கேள்வி: சென்னையில் ஏறினால் நேராக அமெரிக்காவில் இறங்க முடியாதா? நடுவில் எதற்கு ஒரு ஊர்?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நடுவில் நிற்காத விமானம் கிடையாது, ஐயா. துபாய், அபுதாபி, தோஹா, பிராங்க்பர்ட், லண்டன், சிங்கப்பூர், டெல்லி என்று எங்காவது இறங்கித்தான் ஏற வேண்டும். மகன் நியூ ஜெர்சிப் பக்கம் என்றால் வளைகுடா அல்லது ஐரோப்பா வழி. கலிபோர்னியா என்றால் சிங்கப்பூர் வழியையும் ஒரு கை பார்க்கலாம். எந்த ஊர் என்பதைவிட அந்த ஊரில் எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியமான கேள்வி.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு டிக்கெட் பார்க்கிறேன். நடுவில் 70 நிமிட இடைவெளி உள்ள டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. இணையதளமே விற்கிறதே, போதும்தானே?
— சிக்கனமான மகன், டெக்சாஸ்

பதில்: ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒன்று உண்டு. அதற்கு மேல் ஒரு நிமிடம் இருந்தாலும் இணையதளம் விற்றுவிடும். அதற்கு உங்கள் அம்மாவின் முழங்காலைப் பற்றி எதுவும் தெரியாது.

70 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள், தம்பி. அடுத்த விமானத்தின் கேட்டைப் புறப்படுவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். மிச்சம் 50. முப்பத்தெட்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, மேலே வைத்த பையை யாராவது இறக்கித் தரும்வரை காத்திருந்து, செருப்பைத் தேடி மாட்டி, விமானத்தை விட்டு வெளியே வர 20 நிமிடம். மிச்சம் 30. மறுபடியும் பாதுகாப்புச் சோதனை வரிசை. அதில் அப்பாவின் பெல்ட், அம்மாவின் வளையல். பிறகு இன்னொரு டெர்மினலுக்கு ரயில். இத்தனைக்கும் முதல் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.

பெரியவர்களுக்கு நடுவழியில் இரண்டரை மணி முதல் நான்கு மணி நேரம் நல்லது. அதற்குக் குறைந்தால் ஓட்டம், ரொம்பக் கூடினால் முதுகுவலி.

கேள்வி: சென்னை–துபாய் ஒரு கம்பெனி, துபாய்–ஹூஸ்டன் வேறு கம்பெனி என்று தனித்தனியாகப் போட்டால் நிறைய மிச்சமாகிறது. போடலாமா?
— அதே டெக்சாஸிலிருந்து இன்னொருவர்

பதில்: ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டாலும் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் தானாக மாறிவிடும். தனித்தனி டிக்கெட் என்றால், இரண்டாவது கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் அப்பா வரவே இல்லை. புது டிக்கெட், அன்றைய விலையில்.

அதோடு போகாது. பெட்டியைத் துபாயில் வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கலாம். வெளியே வர விசா வேண்டும். எடைக் கணக்கும் மாறும். அமெரிக்க டிக்கெட்டில் பொதுவாக ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு. உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாகப் போட்டால் பெரும்பாலும் 15 கிலோதான். மீதி 31 கிலோவுக்குக் கவுண்டரில் சொல்லும் தொகையைக் கேட்டால், மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

நீங்கள் தனியாகப் போகும்போது இந்தச் சாகசமெல்லாம் செய்யுங்கள். பெற்றோருக்கு ஒரே டிக்கெட்.

கேள்வி: மதுரை–சென்னை, சென்னை–வெளிநாடு எல்லாம் ஒரே டிக்கெட்தான் போட்டிருக்கிறான். நான் இரண்டு நாள் முன்னாடியே வைகை எக்ஸ்பிரஸில் போய்த் தங்கை வீட்டில் தங்கிவிட்டு, சென்னையில் ஏறிக்கொள்ளட்டுமா?
— ஒரு பாட்டி, மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா! மதுரையில் நீங்கள் ஏறவில்லை என்றால், மீதிப் பயணம் முழுக்க, திரும்பி வரும் டிக்கெட் உட்பட, ரத்தாகிவிடும். முன்பதிவு செய்த பஸ்ஸில் "அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கிறேன்" என்று கண்டக்டரிடம் சொல்வதுபோல இங்கே சொல்ல ஆளில்லை. தங்கையைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட்டையே சென்னையிலிருந்து போடச் சொல்லுங்கள். அல்லது தங்கையை மதுரைக்கு வரச் சொல்லுங்கள். வைகை திரும்பியும் ஓடுகிறது.

கேள்வி: பெட்டியில் கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டாச்சு. அப்புறம் சிகாகோவில் எதற்கு எடுக்கணும் என்கிறார்கள்?
— ஒரு மாமி, மயிலாப்பூர்

பதில்: அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ, அங்கேதான் குடிநுழைவு, சுங்கம் எல்லாம். கைரேகை, புகைப்படம், "எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள்?" என்ற கேள்விகள். பிறகு பெல்ட்டில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, வெளியே இருக்கும் கவுண்டரில் மறுபடி ஒப்படைக்க வேண்டும். அப்புறம் ஒரு பாதுகாப்புச் சோதனை. அதனால் அமெரிக்காவுக்குள் விமானம் மாறுவதாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து போடாதீர்கள்.

முக்கியமான விலக்கு அபுதாபி. 2014 முதல் அமெரிக்கக் குடிநுழைவு, சுங்கச் சோதனையை அங்கேயே முடித்து ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உள்ளூர்ப் பயணிபோல நடந்து வெளியே போய்விடலாம். அந்த வழியில் வந்தால் இடைவெளி அபுதாபியில் தாராளமாக இருக்கட்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் இணைப்பு நேரத்தில் சேர்த்திதான். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் போகாது. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். வண்டு பயத்தால் நம் ஊர் அரிசிக்கும் தடை. மாம்பழம், இறைச்சி ஆசையும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயோ சென்னையிலேயே நின்றுவிடும்; எளிதில் தீப்பிடிக்கும் என்று 2022 முதல் பெட்டியில் வைக்கத் தடை. கசியாமல் கட்டிய ஊறுகாய் பொதுவாகத் தப்பிக்கும். ஆனால் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பொருள் போகும். மறைத்தால் அபராதமும் சேர்ந்து போகும். அதற்குள் அடுத்த விமானமும் போயிருக்கும்.

கேள்வி: விமானம் ராகு காலத்தில் கிளம்பினால் என்ன செய்வது?
— ஜோதிட ஆர்வலர், கும்பகோணம்

பதில்: ராகு காலம் பகல் பொழுதை எட்டாகப் பிரித்துப் போடும் கணக்கு. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. பஞ்சாங்கமே பச்சைக்கொடி காட்டிவிட்டது. நடுவழியில் 50 நிமிட இணைப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள், அது எமகண்டம்.

கேள்வி: டிக்கெட்டில் ஜனவரி 10, நேரம் 00.40 என்று இருக்கிறது. பத்தாம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்குமா?
— ஒரு தம்பதி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் சாப்பிட உட்காரும்போது உங்கள் விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருக்கும். 00.40 என்றால் ஒன்பதாம் தேதி இரவு முடிந்து, பத்தாம் தேதி பிறந்த 40-ஆவது நிமிடம். ஒன்பதாம் தேதி இரவு ஒன்பது மணிக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். நாட்காட்டியில் ஒன்பதாம் தேதியில் 'இன்று இரவு' என்று சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

இன்னொன்று: டிக்கெட்டில் உள்ள நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 7 மணிக்கு இறங்கி 10 மணிக்கு ஏற வேண்டும் என்றால், கைக்கடிகாரம் 10 காட்டும்போது அங்கே எட்டரைதான். விமானம் போய்விட்டது என்று அழ வேண்டாம்.

கேள்வி: எனக்கு நடக்க முடியும். மகள் வீல்சேர் போட்டே தீருவேன் என்கிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?
— 68 வயது இளைஞர், கோவை

பதில்: பார்க்கிறவர்களுக்கு அவரவர் கேட்டைத் தேடவே நேரம் சரியாக இருக்கும். முழங்கால் வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் கூச்சப்படாமல் வீல்சேர் எடுங்கள். பிராங்க்பர்ட், துபாய் போன்ற நிலையங்களில் கேட்டுக்குக் கேட் நடப்பது காலை நடைப்பயிற்சிக்குச் சமம்.

கால் நன்றாக இருந்து, வழி கேட்கும் மொழிதான் சிக்கல் என்றால், கூட வந்து வழிகாட்ட மட்டும் ஓர் ஆள் கேட்கலாம். பல நிறுவனங்களில் அந்த உதவி உண்டு. நடக்க முடியாதவருக்கு நாற்காலி மிஞ்சட்டுமே. எதுவானாலும் குறைந்தது இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள்.

மகளுக்கு ஒரு குறிப்பு: வீல்சேர் பயணிகளைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்குவார்கள். ஆகவே வீல்சேர் போட்டால் இணைப்பு நேரத்தையும் கூட்டிப் போட வேண்டும். பாஸ்போர்ட், விமான எண்கள், உங்கள் போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் பெரிய எழுத்தில் ஒரு தாளில். தாள் அப்பாவின் சட்டைப் பையில். செல்போனில் அனுப்பி வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். செல்போன் சார்ஜ் இறங்கியிருக்கும்.

கேள்வி: லண்டனில் மாறப்போகிறேன், அவ்வளவுதான். அதற்கும் இங்கிலாந்து விசாவா?
— ஒரு சந்தேகப் பிராணி, சேலம்

பதில்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் விமானம் மாறுவதற்குக்கூடச் சில நாடுகளில் விசா கேட்பார்கள். இங்கிலாந்து அதில் ஒன்று. செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் பெரும்பாலும் விலக்கு கிடைக்கும். ஆனால் விதிகள் அடிக்கடி மாறும். கவுண்டரில் இருப்பவர் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார். 'டைமேட்டிக்' என்ற விதித்தொகுப்பைப் பார்த்துத்தான் ஏற்றுவார். டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள், திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து.

இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். லண்டனில் ஹீத்ரோ வேறு, கேட்விக் வேறு. நியூயார்க்கில் கென்னடி வேறு, லாகார்டியா வேறு. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துப் போட்டால் நடுவில் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம். அம்மாவை ஊர் சுற்றிப் பார்க்கச் சொல்லட்டுமா?
— ஒரு மகள், சான் ஹோசே

பதில்: சாங்கி விமான நிலையத்தில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருப்பவர்களை இலவசமாகவே ஊர் காட்டக் கூட்டிப்போகிறார்கள். உள்ளே நுழையும் அனுமதிக்கான தகுதியை மட்டும் முன்பே சரிபாருங்கள். 40 மீட்டர் உயர அருவி கொட்டும் 'ஜூவல்' கட்டடமும் குடிநுழைவைத் தாண்டி வெளியேதான் இருக்கிறது.

ஆனால் அம்மாவைக் கேட்டீர்களா? அவர் கிளம்பியது பேரனைப் பார்க்க. அவருக்கு வேண்டியது கால் நீட்டிப் படுக்க ஓர் இடமாக இருக்கலாம். நிலையத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்கு அறை கிடைக்கும், அதைப் போட்டுக்கொடுங்கள்.

கேள்வி: மாத்திரை, இன்சுலின் எல்லாம் பெரிய பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டேன். சரிதானே?
— ஒரு சர்க்கரை நோயாளி, வேலூர்

பதில்: தவறு. பெட்டி வேறு ஊருக்குப் போனால் மாத்திரையும் போகும். சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெடலாம். கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். நேரம் மாறும்போது எப்போது போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பவர் பேங்கும் கைப்பையில்தான்.

கேள்வி: நாங்கள் வந்துவிட்டோம், பெட்டி வரவில்லை. வீட்டுக்குப் போய் போன் செய்துகொள்ளலாமா?
— களைத்துப்போன ஒருவர், திருச்சி

பதில்: வெளியே வருமுன் அங்கேயே புகார் எழுதி, எண் வாங்குங்கள். சர்வதேச விதிப்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி நஷ்டஈடு கேட்கலாம். இதற்கெல்லாம் ஆதாரம் சென்னையில் பெட்டிக்கு ஒட்டும்போது தந்த சின்னச் சீட்டு. அதிலுள்ள மூன்றெழுத்து உங்கள் கடைசி ஊர்தானா என்று அப்போதே பார்த்திருந்தால், பாதிப் பெட்டிகள் தொலையவே தொலையாது.

கேள்வி: மொத்தத்தில் ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.
— அவசரக்காரர், நியூ ஜெர்சி

பதில்: பயணம் செய்பவர் ஒருவர், டிக்கெட் போடுபவர் இன்னொருவர் என்பதுதான் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் மூலம். பணம் கட்டும் பொத்தானை அழுத்துமுன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்று வாசித்துக் காட்டுங்கள். "அவ்வளவு நேரத்துக்குள்ள நான் மாறிடுவேனாப்பா?" என்று அவர் கேட்டால், அந்த டிக்கெட்டை விட்டுவிடுங்கள்.