ஈசானியம் சரி, அடியில்?

மனை வாங்குவதில் நம்மவரைப் போல் உஷாரான ஆள் கிடையாது. முப்பது வருட வில்லங்கச் சான்று எடுப்பார். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவார். ஈசானிய மூலை ஒரு சாண் வெட்டுப்பட்டிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயோடு ஒருவர் வந்து நடப்பார். மண் பரிசோதனை என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் புரோக்கர் சிரிப்பார்: "எதுக்கு சார் தண்டச் செலவு? பக்கத்துல மூணு மாடி நிக்குதே!"

நிற்கிறதுதான். எத்தனை அஸ்திவாரப் பைலின் மேல் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரின் பேங்க் மேனேஜரைக் கேட்க வேண்டும்.

பரிசோதனையில் மந்திரம் ஒன்றும் இல்லை. துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். இரண்டு மூன்று அடியிலேயே சர்ரென்று இறங்கினால் அது வெண்ணெய்க் களி; பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய மனைகளில் இந்த வைபவத்தைப் பார்க்கலாம். கரிசல் இன்னும் விசேஷம்: மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், சுவரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும். பள்ளத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே செம்மண் தூவி, கலர் கொடி நட்ட மனைக்கோ "ரெடி டு கன்ஸ்ட்ரக்ட்" என்று பெயர்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் தரும் கொட்டேஷனில் கடைசி வரியைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள்: "அஸ்திவாரம் ஐந்து அடி வரை. மேற்கொண்டு ஆழம் போனால் எக்ஸ்ட்ரா."