ஸ்விண்டனின் பெருங்கருணை

இங்கிலாந்தில் பிழைக்கப் போகிறவர் ஸ்விண்டனுக்குத்தான் போக வேண்டும். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 2009-இல் ஒரு போட்டியில் வென்று வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கே இணை ஊரான பெருமை அதற்கு உண்டு. மாயாஜாலத்துக்குக் குறைவிருக்காது என்பது 2024-இல் நான் வந்து இறங்கிய வாரமே தெரிந்துவிட்டது.

சம்பளம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். கரண்ட் பில் போதும் என்றார்கள். பில் வர வீடு வேண்டும். வீட்டு ஏஜெண்டோ மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்டார். எவரும் முகம் சுளிக்கவில்லை. எதைக் கேட்டாலும் "லவ்லி" என்றார்கள். நம் தாலுகா ஆபீஸில் இதே அலைச்சலுக்கு இந்த மரியாதை கிடைக்குமா? கடைசியில் ஏஜெண்ட், இந்த நாட்டில் எனக்குக் கடன் வரலாறே இல்லை என்று கண்டுபிடித்து, ஆறு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். ஒருவரிடமும் கடன்படாதவனை நம்பலாமா?

வீடு கட்டி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி அது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணித்துத்தான் கவுன்சில் வரி. பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் எழுதும் வித்தையில் நம் ஜோசியர்கள் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

என் உடம்பின் மேல் அரசுக்கு உள்ள அக்கறையோ சொல்லி மாளாது. மூன்றாண்டு விசாவுக்கு மருத்துவக் கட்டணம் 3,105 பவுண்டு, விசா வருமுன்பே. பிறகு சம்பளத்திலும் அதே மருத்துவத்துக்கு வரி. ஒரே கோயிலுக்கு இரண்டு உண்டியல். காய்ச்சல் வந்தால் காலை எட்டு மணிக்கு டாக்டர் கிளினிக்குக்குப் போன் போட வேண்டும். என் முறை வருவதற்குள் அன்றைய அப்பாயின்ட்மென்ட் தீர்ந்துவிடும், பெரும்பாலும் காய்ச்சலும்.

ஊரின் சிகரம் 1972-இல் கட்டிய மேஜிக் ரவுண்டானா. ஐந்து குட்டி ரவுண்டானாக்கள், நடுவில் இன்னொன்று. வெளியே கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும், உள்ளே எதிர்த்திசையில். சென்னையில் பதினைந்து வருஷம் கார் ஓட்டியவன் நான். அந்த லைசென்ஸ் இங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் முதுகில் எல் போர்டு. டெஸ்டுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்ததால் ரவுண்டானாவை நிதானமாக வேடிக்கை பார்க்க முடிந்தது. விபத்து குறைவுதான், பயத்தில் எல்லாரும் ஊர்ந்தே போகிறார்கள். வங்கிக்கும் வீட்டுக்கும் பில்லுக்குமாக நான் சுற்றிய முதல் மாதம் அப்போதுதான் விளங்கியது. ஊர் எனக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுத்திருக்கிறது, அதுவும் இலவசமாக.

வர நினைப்பவர்கள் யோசிக்காமல் வாருங்கள். அடுத்த மாதம் இங்கே ஒரு நல்ல வீடு காலியாகிறது. என்னுடையதுதான். வாடகையை மட்டும் வீட்டுக்காரர் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்.